அரசு முடக்கம் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியாண்டு அக்டோபர் 1 அன்று பிறக்கிறது. அதற்குள் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டங்களையோ, அவை வரும்வரை காலம் தள்ள உதவும் தற்காலிகச் சட்டத்தையோ அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி அதிபர் ஒப்பமிட வேண்டும். அது நடக்காவிட்டால் பணம் ஒதுக்கப்படாத துறைகள் கதவடைக்கும். இதற்குப் பெயர்தான் அரசு முடக்கம். ஊழியர்கள் இரண்டாகப் பிரிக்கப்படுவார்கள். ஒரு பகுதியினர் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பில் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். உயிருக்கும் உடைமைக்கும் காவலான வேலை செய்வோர் சம்பளமின்றியே பணிக்கு வந்தாக வேண்டும். முடக்கம் முடிந்ததும் இரு சாராருக்கும் நிலுவைச் சம்பளம் வந்துவிடுவதால், ஊழியருக்கு இதில் பெரிய இழப்பு இல்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சம்பளம் எவ்வளவு என்பதைப் போலவே அது எந்த நாளில் வருகிறது என்பதும் சம்பளத்தின் பகுதி. நாள் தவறியதால் விளைந்த இழப்பை நிலுவைத் தொகை ஈடுகட்டுவதில்லை. போதாக்குறைக்கு, அந்த நிலுவை உறுதியே முடக்கங்களை நீளச் செய்கிறது என்று கருதவும் இடமிருக்கிறது.

முடக்கத்துக்கு அடிப்படையான சட்டம் 19ஆம் நூற்றாண்டினது. அக்காலத்துத் துறைகள் ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே செலவழித்துவிட்டு, மீதி நாட்களுக்குக் காங்கிரஸிடம் கை நீட்டும் வழக்கம் வைத்திருந்தன. எழுத்தர்களை ‘தாமாக முன்வந்து’ கூடுதல் நேரம் உழைக்கச் சொல்வதும், பிறகு அவர்கள் கூலி கேட்டுக் காங்கிரஸ் வாசலில் நிற்பதும் இதன் இன்னொரு முகம். இதை அடக்க, ஒதுக்கீட்டை மீறிச் செலவு செய்வதை 1870இலும், அவசரநிலை தவிர மற்ற வேளைகளில் ஊதியமில்லா உழைப்பை அரசு ஏற்பதை 1884இலும் தடை செய்தார்கள். பின்னாளில் கூலி கேட்க நேரும் உழைப்பை இன்று வாங்காதே என்பதே அதன் சாரம். இன்றைய முடக்கம் அதே சட்டத்தின் பெயரால் லட்சக்கணக்கானோரின் உழைப்பைக் கூலியின்றி வாங்கிக்கொண்டு பிறகு கொடுக்கிறது. சட்டம் தலைகீழான கதை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் திருப்பம் நேர்ந்தது 1980இல். அதற்கு முன்பும் பணம் ஒதுக்கப்படாத இடைவெளிகள் இருந்தன. 1976 முதல் 1979 வரை மட்டும் ஆறு முறை அப்படி நடந்தது. 1978இல் அது 17 நாட்கள் நீடித்தது. ஆயினும் பணம் எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில், அத்தியாவசியமற்ற செலவுகளைக் குறைத்துக்கொண்டு அலுவலகங்கள் இயங்கின. அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, 1980 ஏப்ரலில் அளித்த சட்டக் கருத்துரையில், ஒதுக்கீடு தீர்ந்தால் துறை மூடப்பட்டே ஆகவேண்டும் என்றார். மே 1 அன்று கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. 1981 ஜனவரியில் எழுதிய இரண்டாவது கருத்துரையில், உயிரும் உடைமையும் காக்கும் பணிகளுக்கு அவர் விலக்கு அளித்தார். ஊழியரை இரண்டாகப் பிரிக்கும் கோடு அங்கேதான் கிழிக்கப்பட்டது. இது அரசியல் பேரத்துக்குப் பயன்படும் என்று தாம் நினைத்துப் பார்க்கவில்லை என அவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

முதலில் முடக்கங்கள் ஓரிரு நாட்களில் முடிந்தன. 1995-96 குளிர்காலத்தில் அதிபர் பில் கிளின்டனும் பிரதிநிதிகள் அவைத்தலைவர் நியூட் கிங்ரிச்சும் மோதிய இரண்டாம் சுற்று 21 நாட்கள் ஓடியது. 2013 அக்டோபரில், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை முன்வைத்து 16 நாட்கள். 2018 டிசம்பர் 22இல் தொடங்கி, மெக்சிகோ எல்லைச் சுவருக்காக 35 நாட்கள். 2025இல் மருத்துவக் காப்பீட்டு மானியங்களை ஒட்டி அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள். அதுவரை கண்டிராத நீளம் அது.

2018-19 முடக்கத்தை விரிவாகப் பார்ப்பது தகும், ஏனெனில் குடும்பங்களின் பாடு அப்போதுதான் ஊரறிய வெளிப்பட்டது. சுமார் 8 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,80,000 பேர் வீட்டில் இருந்தார்கள், 4,20,000 பேர் சம்பளமின்றி வேலை பார்த்தார்கள். கூட்டாட்சி ஊழியருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். ஜனவரி 11 அன்று வந்த சம்பளச் சீட்டில் பலருக்குப் பூஜ்யம் என்றிருந்தது. கடலோரக் காவல்படையினருக்கு ஜனவரி நடுவில் வரவேண்டிய சம்பளம் வரவில்லை. சமையல் கலைஞர் ஹோசே ஆந்த்ரேஸ் வாஷிங்டனில் திறந்த இலவச உணவகத்தின் முன் அரசு அடையாள அட்டையோடு ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள். வங்கியில் கடன் வாங்கலாமே, ஏன் இலவச உணவுக்குப் போகிறார்கள் என்று கேட்டார் வணிகத்துறைச் செயலர் வில்பர் ராஸ். அவர் பெரும் செல்வந்தர். அந்தக் கேள்வியில் ஒரு வாதம் ஒளிந்திருக்கிறது என்பதால் அதைக் கேலியாக மட்டும் ஒதுக்க முடியாது. வரப்போவது உறுதியான பணம் என்றால், அதன் மீது கடன் வாங்கிச் சமாளிப்பதில் என்ன குறை?

2013 முடக்கத்தின்போது ஊழியர்களின் வங்கிக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்களின் முடிவு இந்தக் கேள்வியைத் தொடுகிறது. பாதிக்கப்பட்டோருக்கு ஒரு சம்பளத்தில் சுமார் 40 சதவீதம் குறைந்து, இரண்டு வாரத்தில் திரும்பக் கிடைத்தது. இந்தச் சிறு இடைவெளிக்கே பலர் வீட்டுக்கடன் தவணையையும் கடன் அட்டைத் தொகையையும் தள்ளிப்போட்டார்கள். கையில் ரொக்க இருப்பு அவ்வளவு குறைவு. இதைப் படித்துவிட்டு, பெரிய செலவில்லாமல் சமாளித்துவிட்டார்களே என்று ஒருவர் வாதிடலாம். அது பாதிதான் சரி. 40 சதவீதக் குறைவை இரண்டு வாரம் தள்ளிப்போட முடிந்தவர், முழுச் சம்பளமும் இரண்டு முறை தவறும்போது அதே வழியில் தள்ளிப்போட முடியாது. தவணை தள்ளினால் அபராதம் ஏறும், குழந்தைக் காப்பகம் கடன் சொல்லாது, வாடகைக்கு நாள் உண்டு. நிலுவைச் சம்பளம் இந்தச் செலவுகளுக்கு ஈடு தருவதில்லை. வீட்டில் இருப்பவர் வேலையின்மை உதவித்தொகை பெறலாம், நிலுவை வந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும். சம்பளமின்றி முழுநேரம் வேலை பார்ப்பவருக்கோ, வேலையில் இருப்பதாலேயே அந்த உதவி பொதுவாகக் கிடைப்பதில்லை. வேலைநிறுத்தம் செய்யவும் வழியில்லை, கூட்டாட்சி ஊழியருக்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. 1981இல் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் 11,000க்கும் மேற்பட்டோரை அதிபர் ரீகன் பணிநீக்கம் செய்தார். சம்பளம் தாமதமானதற்கு இழப்பீடு கேட்டு ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

முடக்கம் தரும் இந்த நெருக்கடி இல்லாவிட்டால் நிதி மீதான காங்கிரஸின் அதிகாரம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் ஆகிவிடும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் 1980க்கு முன்பும் அந்த அதிகாரம் காங்கிரஸிடம்தான் இருந்தது. 1977இல் கருக்கலைப்புக்கான நிதி குறித்து அது கடுமையாகவே மல்லுக்கட்டியது, கதவுகள் மூடப்படவில்லை. இந்தியா போன்ற நாடாளுமன்ற முறையில் நிதி மசோதா தோற்றால் அமைச்சரவைதான் வீட்டுக்குப் போகும், எழுத்தர் போகமாட்டார். ஊழியரின் துன்பம் பேரத்தை விரைவுபடுத்துகிறது என்பதற்கும் சான்று மெலிது. 2019இல் 35 நாள் துன்பத்தில் அசையாத பேச்சு, ஜனவரி 25 அன்று கட்டுப்பாட்டாளர் சிலர் பணிக்கு வராமல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்ட அதே நாளில் முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் முழுக் காரணத் தொடர்பு உண்டு என்று சாதிக்க வேண்டாம். பயணிகளின் தொல்லைக்கு இருந்த எடை ஊழியரின் தொல்லைக்கு இல்லை என்பது மட்டும் தெளிவு.

அதே மாதம் நிறைவேறிய சட்டம், இனி எந்த முடக்கத்திலும் நிலுவைச் சம்பளம் தானாகவே உண்டு என்று உறுதி தந்தது. ஊழியருக்கு நல்லதுதான். ஆனால் பிற்பாடு எப்படியும் ஈடாகிவிடும் என்ற எண்ணத்தில் இரு கட்சிகளும் கூடுதலாகக் காத்திருக்க இது இடம் தருகிறது. அடுத்த முடக்கம் 43 நாட்கள் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த 2025 முடக்கத்தில் வெள்ளை மாளிகை அந்த உறுதியையே கேள்விக்குள்ளாக்கியது. வீட்டில் இருப்போருக்கு நிலுவை தானாகச் சேராது என்றது ஒரு வரைவுக் குறிப்பு. சுமார் 4,000 பேருக்குப் பணிநீக்க அறிவிப்பும் போனது. படைவீரருக்கு வேறு தலைப்பில் இருந்த பணத்தை எடுத்துச் சம்பளம் கொடுத்தார்கள். சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர் நம்பியிருக்கும் உணவு உதவித் திட்டத்தின் நவம்பர் தொகை உரிய நாளில் வராமல் வழக்குகளில் சிக்கியது. ஆகவே அரசு ஊழியரல்லாத ஏழைக் குடும்பங்களின் அடுப்பிலும் முடக்கம் கைவைத்தது. முடக்கத்தை முடித்த சட்டம் பணிநீக்கங்களை ரத்து செய்து நிலுவையை மீண்டும் எழுத்தில் உறுதி செய்தது.

அரசுக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்குவோர், காவல் நிற்போர், உணவகத்தில் பரிமாறுவோர் ஆகிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்த உறுதி பொருந்தாது. அவர்கள் இழந்த நாட்கூலியை ஈடுகட்ட 2019இல் காங்கிரஸில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை.