அடிபட்ட சுண்டெலி

எல்லாம் பிறப்பு, ரத்தத்துலயே இருக்கு என்று நம்மிடம் சொல்கிறவர்கள், 2006இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எரிக் நெஸ்லர் குழுவினர் செய்த ஆய்வைப் படிக்கட்டும். முரட்டு எலியின் கூண்டுக்குள் ஒரு சின்னச் சுண்டெலி. சில நிமிடம் அடி. அப்புறம் நடுவில் ஓட்டைபோட்ட தடுப்பு. அடிச்சவனையே பாத்துக்கிட்டு, அவன் வாடையிலேயே ராவும் பகலும் கிடக்கணும். (தடுப்புதான் இருக்கே என்று சொல்லவும் ஆள் இருக்கும்.) இப்படி 10 நாள், தினம் ஒரு புது முரடன்.

நாலு வாரம் கழித்தும் அதன் மூளையில், ஹிப்போகாம்பஸ் பகுதியில், நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எஃப். புரதத்துக்கான மரபணு அடங்கியே கிடந்தது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அது சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் என்கிற பூட்டு விழுந்திருந்தது. மனச்சோர்வுக்குத் தரும் இமிப்ரமின் மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தார்கள். அடிபட்டதுக்குத்தான், அடிச்சதுக்கு இல்லை. மரபணு வேறு வழியாக எழுந்துகொண்டது. பூட்டு அப்படியே கிடந்தது.