சுவராகப் பிறந்த பாம்பு

நோக்கியா போனில் பாம்பு ஓட்டாத கட்டைவிரல், முப்பதைத் தாண்டியவர்களிடம் அபூர்வம். 2, 4, 6, 8 என்று நான்கு பொத்தான், புள்ளியாக ஓர் இரை, தின்னத் தின்ன நீளும் வால், கடைசியில் தன் உடம்பிலேயே முட்டிச் சாவு. பின்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் அந்தப் போனுக்குள் நுழைந்தபோதே பாம்புக்கு 21 வயது. அதற்குள் அது அமெரிக்காவில் பிறந்து, ஊரெல்லாம் நகலெடுக்கப்பட்டு, பத்து இலக்க ஸ்கோர் ஒன்றையும் பார்த்துவிட்டது. இன்னொரு வேடிக்கை, பிறந்தபோது அது பாம்பே இல்லை. இரையும் கிடையாது, பசியும் கிடையாது.

1976. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் கிரெம்லின் இண்டஸ்ட்ரீஸ் என்று ஒரு சின்ன நிறுவனம். மதுக்கடைச் சுவர்களில் மாட்டுகிற மின்னணு விளையாட்டுப் பெட்டிகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. வீடியோ கேம் அலை அடிக்கத் தொடங்கியதும் அதிலும் இறங்கிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த லேன் ஹாக் உருவாக்கியது 'பிளாக்கேட்'. இருவர் மட்டுமே ஆட முடியும். திரையில் ஆளுக்கொரு அம்பு. அது போன வழியெல்லாம் கட்டம் கட்டமாகச் சுவர் எழும்பும். நிற்க முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. எதிராளியின் சுவரிலோ தன் சுவரிலோ யார் முதலில் முட்டுகிறாரோ அவர் தோற்றார். சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவரைச் சுவர் வைத்து வளைக்கிற சண்டை.

விதிகள் இவ்வளவு எளிமையாக இருந்தால் அடுத்த கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஓராண்டுக்குள் ஈயடிச்சான் காப்பிகள் வரிசைகட்டின. மெடோஸ் நிறுவனம் 'பிக்ஃபுட் பாங்கர்ஸ்' என்றது, ராம்டெக் 'பாரிகேட்' என்றது, மிட்வே 'செக்மேட்' என்றது. இந்த வரிசையில் அடாரியும் 'டாமினோஸ்' என்ற பெயரோடு வந்து நின்றதுதான் தமாஷ். 1972ல் அது வெளியிட்ட 'பாங்' விளையாட்டை ஆளாளுக்கு நகலெடுத்ததாகப் புலம்பிய அதே அடாரி! பாம்பின் கால் பாம்பறியும். அதோடு நிற்காமல், 1977ல் வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டும் கேம் பெட்டியை அறிமுகப்படுத்தியபோது, கூடவே 'சரவுண்ட்' என்ற பெயரில் இதே விளையாட்டை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது.

இத்தனை பேர் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் ஒரு விளையாட்டின் படங்களை, இசையை, நிரலைக் காக்கும். அடிப்படை யோசனையைக் காக்காது. 'போகிற வழியில் சுவர் எழும்பும்' என்ற எண்ணத்துக்கு யாரும் வேலி போட முடியாது. டெட்ரிஸ் உரிமையாளர்கள்கூட 2012ல் ஒரு நகலுக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் ஜெயித்தது, தோற்றத்தை அப்படியே எடுத்தார்கள் என்ற வாதத்தில்தான். பாம்புக்கோ, வழக்குப் போடுமளவுக்குத் தனித் தோற்றம்கூட இல்லை. சில கட்டங்கள், ஒரு புள்ளி, அவ்வளவுதான் அதன் சொத்து. அதனால் ஆளாளுக்கு எடுத்தார்கள், ஆளாளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள்.

சுவர் பாம்பானது வீட்டுக் கணினிகளின் காலத்தில். 1978ல் டிஆர்எஸ்-80 கணினிக்கு வந்த 'வார்ம்' அதன் முதல் வாரிசுகளில் ஒன்று. ஆர்கேட் எனும் விளையாட்டுக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரைச் சண்டைக்கு இழுக்கலாம். வீட்டில் கணினியின் முன் பெரும்பாலும் ஒருவர்தான். எதிராளி இல்லாத இடத்தில் சண்டைக்கு என்ன வழி? ஆடுபவரின் சொந்த உடம்பையே எதிராளியாக்கினார்கள். அதற்கு உடம்பு வளர வேண்டும், வளர இரை வேண்டும். பாம்புக்குப் பசி வந்தது இப்படித்தான் என்று சொல்லலாம். நன்றாக ஆட ஆட எதிரியும் பெரிதாகிறான் என்பது இந்த விளையாட்டின் ஆகப் பெரிய குறும்பு.

அந்தக் குறும்பை 1982ல் காசாக்கியது, பாட்டுப் பெட்டி செய்து பேர்வாங்கிய சிகாகோவின் ராக்-ஓலா நிறுவனம். அதன் 'நிப்ளர்' பாம்பைச் சந்துபொந்துகளுக்குள் ஓடவிட்டது. அதுவரை எந்த ஆர்கேட் பெட்டியிலும் காணாத அளவுக்கு இதன் ஸ்கோர் பலகை நீளம். நூறு கோடியைத் தொட முடியும் என்று அதுவே சவால்விட்டது. 1984 ஜனவரியில் அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா ஊரில், டிம் மெக்வே என்ற 16 வயதுப் பையன் ஒரே காசில் 40 மணி நேரத்துக்கும் மேல் ஆடி 1,000,042,270 எடுத்தான். சாப்பாடு, கழிப்பறை? அதற்கும் ஒரு வழி இருந்தது. கூடுதல் உயிர்களை முதலிலேயே சேர்த்துவைத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றாகச் செத்து முடிவதற்குள் ஓடிப் போய் வந்துவிட வேண்டும்! ஊர் மேயர் அவன் பெயரில் ஒரு நாளையே அறிவித்தார்.

1991ல் பாம்பு வாத்தியாராகவும் ஆனது. மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்-டாஸ் 5 பதிப்போடு, கியூபேசிக் மொழி கற்பவர்களுக்கு மாதிரியாக 'நிபிள்ஸ்' என்ற பாம்பு விளையாட்டின் நிரலை முழுதாகத் திறந்துவைத்தது. எழுத்துகள் மட்டுமே காட்டும் திரையில், ஒவ்வொரு எழுத்தின் இடத்தையும் மேல்பாதி கீழ்பாதி என்று பிரித்து, 25 வரிகளை 50 ஆக்கிக்கொண்ட தந்திரம் அதில் இருந்தது. ஒரு கோளாறும் இருந்தது. பாம்பின் வேகத்தைக் கட்டுப்படுத்த, கணினியை வெறுமனே எண்ணச் சொல்லிக் காக்கவைத்திருந்தார்கள். கணினிகள் வேகமாகிக்கொண்டே போனதில் அந்தக் காத்திருப்புக் கணக்கு பிசகிப்போனது. பழைய கேமைப் புதிய கருவிக்குக் கொண்டுவருபவர்களுக்கு இன்றைக்கும் இது பாலபாடம்: அழகுபடுத்துவதற்கு முன், வேகத்தைச் சரிசெய்.

1997ல் நோக்கியாவின் முறை. மொபைலில் கேம் என்பதில் அது முதல் ஆளும் இல்லை. 1994லேயே ஹாகெனுக் நிறுவனத்தின் ஒரு போனில் டெட்ரிஸ் வந்துவிட்டது. நோக்கியா 6110க்குக் கேம் எழுதும் வேலை டனேலி ஆர்மான்டோ என்ற பொறியாளரிடம் வந்தது. கையில் கிடைத்த திரை 84க்கு 48 புள்ளி. அதில் எது பொருந்தும் என்று பார்த்தால், பாம்பைவிடச் சிக்கனமான பிராணி வேறில்லை. முட்டுவதற்கு முன் நொடியில் ஒரு துளி அவகாசம் வைத்து, கடைசிக் கணத்தில் திரும்புகிறவர்களைப் பிழைக்கவிட்டார் ஆர்மான்டோ. 'தப்பிச்சேன்டா' என்று நாம் மூச்சுவிட்டதில் பாதி, அவர் போட்ட பிச்சை. இரண்டு போன்களை எதிரெதிரே வைத்து, இன்ஃப்ராரெட் வழியாக இருவர் ஆடவும் வழி இருந்தது. பழைய சண்டை அங்கே கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஆனால் தனியாக ஆடியவர்களே அதிகம்.

பிறகு நடந்தது வெள்ளம். 2000ல் வந்த 3310 பன்னிரண்டு கோடிக்கு மேல் விற்றது. அதன் 'ஸ்னேக் 2'ல் பாம்பு சுவரைத் துளைத்து மறுபக்கம் வந்தது. 2003ல் டார்ச் லைட்டும் தூசி புகாத கீபேடுமாக வந்த 1100 இருபத்தைந்து கோடியைத் தாண்டியது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபின், விலை குறைந்த போன்கள் கோடிக்கணக்கில் இங்கிருந்தே கிளம்பின. 2014ல் அந்த ஆலை மூடப்பட்டது. அதற்குள் டச் ஸ்கிரீன் வந்து, பாம்பைத் திருப்பும் பொத்தான்கள் மெல்ல மறையத் தொடங்கியிருந்தன.

இனிமேல்தான் மறுபிறவிக் கதைகள். முப்பரிமாணப் பாம்பை நோக்கியாவே 2005ல் தன் என்-கேஜ் கருவியில் ஓட்டிப் பார்த்தது. 2015ல் ஆர்மான்டோவையே கூட்டிவந்து 'ஸ்னேக் ரிவைண்ட்' செய்தார்கள். 2017ல் பார்சிலோனா கண்காட்சியில் 3310 புதுப் பொலிவோடு திரும்பியபோது, வண்ணப் பாம்பும் கூடவே வந்தது. எல்லாவற்றையும் மக்கள் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள், ஞாபகம் பேசினார்கள், வைத்துவிட்டார்கள். நிறத்தையும் ஆழத்தையும் கூட்டினார்களே தவிர, சண்டையை யாரும் பெரிதாகத் தொடவில்லை.

தொட்டது ஒரு தனியாள். 2016 மார்ச்சில் ஸ்டீவ் ஹவுஸ் என்ற அமெரிக்கர் 'ஸ்லிதர்.ஐஓ'வை இணையத்தில் விட்டார். முந்தைய ஆண்டு பிரேசிலின் மாத்தியூஸ் வலடாரெஸ் செய்த 'அகார்.ஐஓ'வில் முகம் தெரியாத பலர் ஒரே களத்தில் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். அதுபோன்ற களத்தில் ஹவுஸ் பாம்பை இறக்கினார். இங்கே தன் உடம்பில் முட்டினால் சாவில்லை. அடுத்தவர் உடம்பில் தலை முட்டினால்தான் சாவு. செத்தவர் ஒளிரும் தீனியாகச் சிதறுவார். நேற்றுப் பிறந்த புழுகூட, மலைப்பாம்பின் முன்னே குறுக்கே வெட்டி அதை வீழ்த்தலாம். ஸ்லிதர் கொடிகட்டிப் பறந்தது. உடனே அதற்கும் காப்பிகள். வீட்டுப் பிள்ளைகள் ஆடும் 'வார்ம்ஸ் ஜோன்' அந்த வம்சம்தான்.

அடுத்தவரை உடம்பால் வளைத்துச் சாகடிப்பது! 1976ல் லேன் ஹாக் வைத்த விதியே இது. வீட்டில் ஆள் கிடைக்காததால் இடையில் எதிராளியை விட்டுவிட்டு இரையைப் பிடித்துக்கொண்ட விளையாட்டு, இணையம் ஆள் பிடித்துக் கொடுத்ததும் இரையைக் கையில் வைத்துக்கொண்டே சண்டைக்குத் திரும்பியது. பழைய கேமைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கை வைப்பது படத்தில்தான். பாம்பின் சரித்திரம் வேறு இடத்தைக் காட்டுகிறது: அந்த விளையாட்டில் நம் எதிரி யார் என்று கேட்டு, அதற்கு இந்தக் காலத்து விடை தேடியவர்களே ஒவ்வொரு முறையும் ஜெயித்திருக்கிறார்கள். மற்றவர்கள் பாம்புக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டார்கள். அது உரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது.