சென்னை ஓப்பன்: வாடகைக்கு வந்த டென்னிஸ்

ஒரு காலத்தில் ஜனவரி முதல் வாரம் என்றால் சென்னையில் டென்னிஸ் என்று அர்த்தம். மார்கழிக் கச்சேரி ஒரு பக்கம், நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் உலகத் தர ஆட்டம் இன்னொரு பக்கம். 2017-க்குப் பிறகு அந்த ஆண்கள் போட்டி சென்னையில் நடக்கவில்லை. ஏன் போனது?

1996-ல் டெல்லியில் தொடங்கிய இந்தப் போட்டி, அடுத்த வருடமே சென்னைக்கு வந்துவிட்டது. முதல் பெயர் கோல்ட் ஃப்ளேக் ஓப்பன். ஆமாம், சிகரெட் பெயர்தான்! புகையிலை விளம்பரத்துக்குத் தடை வரப்போகிறது என்ற நிலையில், 2001-ல் ஐ.டி.சி. நிறுவனம் விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்பிலிருந்து விலகியது. 2002-ல் பெயர் டாடா ஓப்பன் ஆனது. 2005-ல் சென்னை ஓப்பன், 2010-ல் ஏர்செல் சென்னை ஓப்பன். பெயர்கள் மாறினாலும் ஆட்டம் நிற்கவில்லை.

ரசிகர்களுக்குக் கிடைத்தது கொஞ்சமா? 1998-ல் பேட்ரிக் ராஃப்டர் ஜெயித்தார். லியாண்டர் பயஸ் - மகேஷ் பூபதி ஜோடி இங்கே 5 முறை இரட்டையர் பட்டம் வாங்கியது. 2005-ல் சுனாமி வந்த சில நாட்களில் பட்டம் வென்ற கார்லோஸ் மோயா, பரிசுப் பணத்தை நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார். 2008 அரையிறுதியில் அதே மோயாவுடன் ஏறக்குறைய 4 மணி நேரம் போராடி ஜெயித்த நடால், மறுநாள் இறுதியாட்டத்தில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். 2009-ல் நம்ம சோம்தேவ் தேவ்வர்மன், வைல்டு கார்டில் நுழைந்து இறுதியாட்டம் வரை போனார். வாவ்ரிங்கா மட்டும் 4 முறை சாம்பியன்.

இவ்வளவு இருந்தும் ஒரு விஷயம் சென்னையிடம் இல்லை. அதுதான் உரிமம். ஏ.டி.பி. காலண்டரில் ஒவ்வொரு போட்டிக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் ஒரு சொத்து மாதிரி. வைத்திருப்பவர், ஏ.டி.பி. சம்மதித்தால், வேறு ஊருக்குக் கொண்டு போகலாம். சென்னை ஓப்பனின் உரிமம் ஐ.எம்.ஜி. என்ற விளையாட்டு நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டேடியம் தமிழக அரசுடையது, ஏற்பாடு தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்துடையது, கைதட்டல் சென்னை மக்களுடையது. ஆனால் கடை வேறொருவருடையது!

2017 ஜூலையில் அறிவிப்பு வந்தது. 2018-ல் போட்டி புனேவுக்குப் போய் மகாராஷ்டிரா ஓப்பன் ஆனது. அதே வருடம் ஏர்செல் நிறுவனமும் திவால் மனு கொடுத்தது. புனேவிலும் நிலைக்கவில்லை. 2023-தான் அங்கே கடைசி. 2024 காலண்டரில் அதன் இடத்துக்கு ஹாங்காங் வந்தது. இந்தியாவில் இருந்த ஒரே ஏ.டி.பி. டூர் போட்டியும் அதோடு போயிற்று.

பிறகு 2022-லும் 2025-லும் அதே நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டி நடந்தது. அதற்கும் பெயர் சென்னை ஓப்பன்தான். உரிமம் ஊர் விட்டு ஊர் போகும். 21 வருடம் டிக்கெட் வாங்கிப் பார்த்துப் பழகிய ரசிகர்களை மட்டும் யாராலும் புனேவுக்குக் கொண்டு போக முடியவில்லை.