வண்டிச் சத்தம்

எங்கள் சுவாமிமலையில் மலை கிடையாது; 60 படிகள் ஏறவேண்டிய கட்டுமலைதான். அங்கே உள்ள நேத்திர விநாயகர், பார்வையற்ற பக்தர் ஒருவருக்குக் கண் கொடுத்தவர் என்பது ஐதீகம். பிள்ளையாருக்கு அந்தக் கீர்த்தியே போதும். ஜனங்கள் தாமாக வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அது போதுமா? மதுரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

டாக்டர் கோ. வெங்கடசாமி முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அமெரிக்காவின் மக்டானல்ட்ஸ் கடை ஒரே தரத்தில் ஊர்தோறும் பண்டம் விற்கிறதே, கண் வைத்தியத்தையும் அப்படிக் கொண்டுபோனால் என்ன என்பது அவருடைய எண்ணம். வேடிக்கையான குருதான்!

கிராமங்களில் முகாம் போட்டார்கள். புரை விழுந்த கண்ணுக்கு இலவச ஆபரேஷன் என்று சொல்லியும் பலர் வரவில்லை. வண்டிச் சத்தம் யார் கொடுப்பது? சாப்பாட்டுக்கு என்ன வழி? கூலி போனால் அடுப்பு எரியுமா? ஏழைக்கு இலவசமும் செலவுதான். பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சோறு போட்டு, ஆபரேஷன் செய்து, ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். பார்வை தெளிந்து திரும்பிய கிழவி அடுத்த வீட்டுக்காரியின் மூக்குத்தியைப் பார்த்து, "இது எப்போது வாங்கினாய்?" என்று கேட்டால், அந்தத் தெருவில் நோட்டீஸ் எதற்கு?

பணம் உள்ளவர்களும் அதே ஆஸ்பத்திரியைத் தேடி வந்தார்கள். அவர்கள் கொடுத்த கட்டணம்தான் ஏழைகளின் ஆபரேஷனுக்குக் கைகொடுத்தது.