கைப்பேசியில் தமிழ் வந்த கதை: விற்றது எது, நின்றது எது?

மாசி மகத்திற்கு மலாக்கா பட்டணத்திலிருந்து இரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்கு வரும். திருவிழாவில் ஊதலும் பலூனும் விற்பவர் ஓரிரு நாளில் நல்ல காசு பார்த்துவிடுவார். ஆண்டு முழுவதும் அரிசி பருப்பு விற்கும் மளிகைக் கடைக்காரரோ வரவில் பாதியை 555 புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு, மாதக் கடைசிக்குக் காத்திருப்பார். கைப்பேசிச் செயலிகளின் வரலாற்றிலும் இந்த இரண்டு வியாபாரங்களும் உண்டு.

ஆப்பிள் நிறுவனம் தனது செயலிக் கடையை 2008 ஜூலையில் திறந்தது. அடுத்த மாதமே ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்மின் ஹைன்ரிக் என்பவர் 'நான் பணக்காரன்' என்று பொருள்படும் பெயரில் ஒரு செயலியை அங்கே வைத்தார். திறந்தால் ஒரு சிவப்புக் கல் மின்னும். அவ்வளவுதான், வேறு வேலை எதுவும் அதற்கு இல்லை. விலை 999.99 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,300 ரிங்கிட். மலேசியத் தீபகற்பத்தில் ஐந்தாண்டு கழித்து, 2013-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே 900 ரிங்கிட்தான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆப்பிள் மறுநாளே அதை நீக்கியது. அதற்குள் எட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள்! அதே ஆண்டு டிசம்பரில், வயிற்றுக் காற்று பிரியும் ஓசையை எழுப்பும் 99 காசு செயலி ஒன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2014-இல் வியட்நாமிய இளைஞர் டோங் நுயென், தமது 'ஃப்ளாப்பி பேர்ட்' விளையாட்டு விளம்பரத்தால் நாளொன்றுக்கு 50,000 டாலர் ஈட்டுவதாகச் சொன்னார். அந்தப் புகழைத் தாங்கமாட்டாமல் அதே பிப்ரவரியில் தாமே அதை எடுத்தும் விட்டார்.

இவையெல்லாம் வருவதற்கு முன்பே, பயன்பாட்டுச் செயலி ஒன்று தமிழுக்காகப் பிறந்திருந்தது. மலேசியக் கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985 முதல் கணினியில் தமிழைக் கொண்டுவர உழைத்தவர். 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கியவர். அவருடைய 'செல்லினம்' 2005 பொங்கலன்று, சிங்கப்பூர் ஒலி 96.8 வானொலியின் துணையோடு வெளியீடு கண்டது. தமிழிலேயே குறுஞ்செய்தி எழுதி அனுப்ப அது வழி செய்தது.

சிறிய காரியம் போலத் தோன்றும். ஆனால் அன்றைய பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் எழுத்தே கிடையாது. எழுத்தைத் திரையில் காட்டும் வேலையையும் செயலியே சுமக்க வேண்டும். அனுப்புகிறவரிடம் மட்டும் இருந்தால் போதாது, பெறுகிறவரிடமும் இருக்க வேண்டும். கைப்பேசிக்குக் கைப்பேசி திரையும் விசையும் வேறு. குறுஞ்செய்திக் கட்டணமும் தமிழுக்குச் சாதகமாக இல்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். யூனிகோட் எனும் ஒருங்குறியில் 70 இடந்தான். 'தொழிலாளர்' என்ற சொல்லில் நம் கணக்குக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியோ கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணி ஒன்பது இடத்தை எடுத்துக்கொள்ளும். தோட்டத்தை விட்டு வெளியேறி செங் தொழிற்பேட்டைப் பக்கம் குடிவந்த ஒரு குடும்பம், ஊரிலிருக்கும் பாட்டிக்குத் தமிழில் நாலு வரி அனுப்ப வேண்டுமானால் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் பழக்கம் பரவியதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல.

பயன்பாட்டுச் செயலியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வேடிக்கைச் செயலிக்கு உலகமே சந்தை. அந்த ஓசைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஒருமுறை செய்து விற்றுவிட்டால் மறந்துவிடலாம், வாங்கியவரும் மறந்துவிடுவார். தமிழ் விசைப்பலகைக்கு மலேசியாவில் கிடைக்கும் சந்தையோ, ஏறக்குறைய 20 இலட்சம் இந்தியர்களில் தமிழில் எழுத விரும்புகிறவர்கள் மட்டும். அவர்களிலும் எழுத்துக்குக் காசு கேட்டால் முகம் சுளிப்பவர்களே அதிகம். தாய்மொழி இலவசமாகக் கிடைத்ததுதானே! ஆனால் புதிய கைப்பேசியோ இயங்குதளமோ வரும்போதெல்லாம் செய்தவர் மறுபடியும் உட்கார்ந்து சரிபார்த்தாக வேண்டும். வரவு நின்றாலும் செலவு நிற்பதில்லை.

அப்படியானால் செல்லினம் எப்படி நிலைத்தது? கடை விற்பனையை மட்டும் நம்பியிருந்தால் நிலைத்திருக்காது எனலாம். ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்த செல்லினம் பொதுமக்களுக்கு இலவசமாகவே கிடைத்தது. அதன் பின்னே இருந்த எழுத்துருவும் உள்ளீட்டு நுட்பமும் பெரிய நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டன. முத்து நெடுமாறனின் 'இணைமதி' எழுத்துரு 2005-இல் ஆப்பிளின் மெக்கிந்தோஷ் கணினிகளில் இடம்பெற்றது. 2013-இல் ஐபோனின் ஏழாம் இயங்குதளத்தில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களும் சேர்க்கப்பட்டன. அதன்பின் ஐபோன் வாங்கியவர் தமிழில் எழுதத் தனிச் செயலி தேட வேண்டியதில்லை.

பயனீட்டாளருக்கு அது பெரும் நன்மை. தனிச் செயலி செய்கிறவருக்கோ இருமுனைக் கத்தி. கைப்பேசியோடு இலவசமாக வரும் ஒன்றை இன்னொருவர் விலைக்கு விற்க முடியாது. இன்று வாட்ஸ்அப்பில் தமிழ்ப்பள்ளி அறிவிப்பைத் தட்டச்சு செய்யும் ஆசிரியரும், கோவில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு எழுதும் செயலாளரும் யாருக்கும் தனியாகக் காசு கட்டுவதில்லை. செய்தவர் பெயரும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. மெக்கிந்தோஷ் கணினியின் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஒரு பெயர் இருக்கும். அந்த 'எம்என்' முத்து நெடுமாறன்.