எழுதாத உடன்படிக்கை

தொழிலாளன் ஒருவன் தன் முதலாளிக்கு விற்பது யாது? நாளொன்றுக்கு எட்டு மணி நேர உழைப்பு என்று கணக்கர் கூறுவர். ஆயினும், ஒரே நிறுவனத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவனை நோக்குமிடத்து, அவன் கொடுத்தது உழைப்பு மாத்திரமன்று என்பது புலனாகும். வேறிடஞ் செல்லும் வாய்ப்பையும், புதுத் தொழில் பழகுதற்குரிய இளமையையும் அவன் அங்கேயே செலவிட்டுவிட்டான். இதற்கு ஈடாக அவனுக்குரியது யாது? விடை காண்பதற்கு, கணனித் தொழிலில் பேர்பெற்ற ஐ.பி.எம். என்னும் அமெரிக்கக் கம்பனியின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

1911 ஆம் ஆண்டில் சில கம்பனிகளின் இணைப்பினால் தோன்றிய இந்நிறுவனம், 1924 இல் இப்பெயரைப் பெற்றது. 1914 இல் இதன் நிருவாகத்தை ஏற்ற தோமஸ் வாட்சன், ஊழியரின் பற்றுதலே கம்பனியின் மூலதனம் எனக் கருதியவர். இருபத்தைந்து ஆண்டு சேவை புரிந்தோரைக் கௌரவிப்பதற்கென 1924 இலேயே ஒரு கழகம் அமைக்கப்பட்டது. நீண்ட சேவை அங்கே பெருமைக்குரிய பட்டமாயிற்று.

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவெங்கும் ஆலைகள் மூடப்பட்டன. வாட்சனோ தம் தொழிற்சாலைகளை ஓயவிடவில்லை. வாங்குவாரின்றியும் இயந்திரங்களும் உறுப்புகளும் செய்து களஞ்சியத்திற் சேர்க்கப்பட்டன. நியூ யோர்க் மாநிலத்து எண்டிக்கொட் நகரில் 1933 இல் ஓர் ஆராய்ச்சிக்கூடமும் எழுந்தது. பலர் இதனை அறிவீனம் என்றனர். 1935 இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதும், கோடிக்கணக்கான தொழிலாளரின் ஊதியக் கணக்கைப் பதிவுசெய்யும் பெரும்பணி அரசாங்கத்தின்மீது விழுந்தது. அதற்கு வேண்டிய துளையட்டை இயந்திரங்களை ஆயத்தமாக வைத்திருந்த கம்பனிக்குப் பெரும் வாய்ப்புக் கிட்டிற்று. ஊழியரைக் காத்த கொள்கையே கம்பனியையும் காத்தது.

இதன் பின்னர், வேலைநீக்கம் செய்வதில்லை என்பது அங்கே ஒரு மரபாக வேரூன்றியது. துளையட்டையின் காலம் போய் மின்னணுக் கணனியின் காலம் வந்தபோது, பழைய தொழில் மறைந்தது, தொழிலாளர் மறையவில்லை. அவர்கள் புதிய வேலைக்குப் பயிற்றப்பட்டனர். 1958 இல் மணிக்கூலி பெற்றோர் யாவரும் சம்பளக்காரராக்கப்பட்டனர். இத்தகைய இடத்தில் தொழிற்சங்கம் எதற்கு என ஊழியர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நேயர்களே, ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இம்மரபு எவருடைய நியமனப் பத்திரத்திலும் உறுதிமொழியாக எழுதப்பட்டதன்று.

1980களின் நடுப்பகுதியில் கம்பனியின் ஊழியர் தொகை ஏறத்தாழ 4 இலட்சமாயிற்று. அதே காலத்தில் சிறு கணனிகள் மலிந்தன. பெருங்கணனிகளை நம்பியிருந்த வருவாய் தளர்ந்தது. முதலில், விரும்பியோர் முன்கூட்டியே ஓய்வுபெறலாம் என்று சலுகைகள் வழங்கப்பட்டன. 1992 ஆம் ஆண்டின் நட்டம் ஏறத்தாழ 500 கோடி டொலர். அவ்வாண்டு திசெம்பரில், பழைய மரபைக் காத்தல் இனி இயலாமற் போகலாமெனக் கம்பனி அறிவித்தது. 1993 ஏப்பிரலில் தலைமையேற்ற லூயிஸ் கேர்ஸ்ட்னர், யூலையில் மேலும் 35,000 பேரைக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டார். 1994 அளவில் ஊழியர் தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியது. ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தந்தையும் மகனும் ஒரே கம்பனியை நம்பி வாழ்ந்த ஊர்கள் கலங்கின. கிங்ஸ்ரன் நகரத்துத் தொழிற்சாலை மூடப்பட்டது.

கம்பனி பிழைத்தது, மீண்டும் இலாபமும் ஈட்டியது. ஆட்குறைப்பின்றி அது முழுவதுமே மூழ்கியிருக்கும் என்பாரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் நட்டக்காலம் நீங்கிய பின்னரும் மூத்த ஊழியரின் கவலை நீங்கவில்லை. பழைய ஓய்வூதிய முறையில், சேவைக்காலமும் இறுதிக் காலச் சம்பளமும் சேர்ந்தே தொகையை நிருணயித்தன. ஆகையால், ஓய்வூதியத்தின் பெரும்பகுதி இறுதி ஆண்டுகளிலேயே திரண்டது. 1999 இல் கம்பனி இம்முறையை மாற்றி, ஆண்டுதோறும் சம்பளத்தில் ஒரு வீதத்தைக் கணக்கிற் சேர்க்கும் புதுமுறையைக் கொணர்ந்தது. இளையோருக்கு இதனால் பெரிய இழப்பில்லை. நாற்பத்தைந்தும் ஐம்பதும் கடந்தோர்க்கோ, பயிரைக் காத்திருந்து கதிர் முற்றும் வேளையில் வயலை இழந்தது போலாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, நாற்பது வயதும் பத்தாண்டுச் சேவையும் நிரம்பியோர் பழைய முறையிலேயே இருக்கலாம் என்று கம்பனி இணங்கியது. ஏனையோர் சார்பில் தொடரப்பட்ட வழக்கில், 2003 இல் நீதிபதியொருவர் ஊழியருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2006 இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது.

நாற்பது வயதைக் கடந்தோரை வயது காரணமாக ஒதுக்கலாகாது என அமெரிக்கச் சட்டம் 1967 இலேயே விதித்தது. 2013 முதல் 2018 வரை நிகழ்ந்த ஆட்குறைப்புகளை விசாரித்த சமவேலைவாய்ப்பு ஆணைக்குழு, மூத்தோரைக் குறைக்குமாறு மேலிடத்திலிருந்தே தூண்டுதல் இருந்ததாக 2020 இல் முடிவு கூறியது. கம்பனி இதனை மறுத்தது. ஒரு காலத்தில் கழகமமைத்துப் போற்றப்பட்ட நீண்ட சேவை, பிறிதொரு காலத்தில் ஊழியருக்கே பாதகமாயிற்றோ என்னும் ஐயம் எழுவது இயல்பே.

வாட்சனின் வாக்கு பொய்யன்று. சந்தை வளர்ந்த காலமெல்லாம் அது நிறைவேறியது. ஆயினும் அதனைத் தாங்கியவை ஒரு மனிதரின் கொள்கையும் பெருகிய விற்பனையுமேயாம். அவ்விரண்டும் அகன்ற நாளில், ஊழியர் பற்றி நின்றவை சட்டத்திலும் ஓய்வூதிய விதிகளிலும் எழுதப்பட்டிருந்த சொற்களே. அவ்விதிகளும் மாறக்கூடியன என்பதை 1999 உணர்த்திற்று. ஆதலால், நல்ல முதலாளியைப் பெற்றோர் அவரை நன்றியோடு போற்றுக. அவர் நல்லவராயிருக்கும் காலத்திலேயே தம் உரிமைகளை எழுத்திற் பெற்றும் கொள்க. இருபத்தைந்து ஆண்டு உழைத்தவன் இரக்கத்தை வேண்டி நிற்பவன் அல்லன். தன் பங்கைக் கேட்டு நிற்பவன்.