பேராதனையில் தீர்ந்த மருந்து

2022 மார்ச் மாத இறுதியில், பேராதனைப் போதனா வைத்தியசாலையில், முன்னரே நாள் குறிக்கப்பட்டிருந்த சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. அக்குறணையில் வாழும் நமக்குப் பெரிய நோயென்றால் கண்டியும் பேராதனையுமே கதி. போதாதிருந்த மருந்துகளுள் நியோஸ்டிக்மின் ஒன்று. அது புதிய மருந்தன்று, 1931இலேயே அறிமுகமானது, அதன்மீது எவருக்கும் ஏகபோக உரிமை இன்றில்லை. இத்தகைய பழைய மருந்தின்றி ஒரு பெரிய வைத்தியசாலை கைகட்டி நிற்க நேர்ந்ததேன்?

விடை தேடுமுன், அம்மருந்தின் தொழிலை நோக்குவோம். 1905இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்னும் உடற்றொழிலியலாளர் கோழியின் தசையில் நிக்கொட்டினைச் சோதித்தார். நரம்பு வெட்டுண்டு நலிந்த பின்னரும் தசை சுருங்கிற்று. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்புமுனையில் தடவிய கியுராரே நஞ்சை இட்டதும் அச்சுருக்கம் தடைப்பட்டது. ஆகவே, மருந்து பற்றிக்கொள்ளும் பொருளொன்று தசையிலேயே இருத்தல் வேண்டுமென அவர் துணிந்தார். அதையே இன்று வாங்கி என்கிறோம். சத்திரசிகிச்சையில் தசையைத் தளர்த்தும் மருந்துகள் பல கியுராரேயின் வழிவந்தவை. நரம்பிலிருந்து வரும் அசற்றைல்கோலீன் அமரவேண்டிய வாங்கியில் அவை அமர்ந்துகொள்கின்றன. சிகிச்சை முடிந்ததும் நோயாளி தானே மூச்சுவிட வேண்டுமல்லவா? அசற்றைல்கோலீனைச் சிதைக்கும் நொதியத்தை நியோஸ்டிக்மின் தடுத்துவிடுகிறது. சிதையாது பெருகும் அசற்றைல்கோலீன் போட்டியிட்டு வாங்கிகளை மீட்டுக்கொள்கிறது.

பெரும்பாலான மருந்துகள் இவ்வாறு ஏதேனுமொரு புரதத்தையே நாடுகின்றன. அஸ்பிரின், வீக்கமும் வலியும் விளைக்கும் பொருள்கள் உடலில் உண்டாவதைத் தடுக்கிறது என 1971இல் ஜோன் வேன் காட்டினார். தடைப்படுவது ஒரு நொதியம். கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் பிரூசெமைட்டு, சிறுநீரகத்தில் உப்பை மீட்டெடுக்கும் காவிப் புரதத்தை அடைக்கிறது. உப்போடு நீரும் வெளியேறுகிறது. வாங்கியோ நொதியமோ காவியோ, எதற்கும் எழுத்தறிவில்லை. பெட்டியில் அச்சிட்ட வணிகப் பெயரை அவை வாசிப்பதில்லை. மூலக்கூற்றின் உருவையே அறியும்.

இவ்வாய்வுகூட உண்மையை நாட்டின் கொள்கையாக்க முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் கண்டித் திரித்துவக் கல்லூரியின் மாணவர். 1958இல் இந்நாட்டின் முதல் மருந்தியற் பேராசிரியரானவர். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதி. லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். கம்யூனிஸ்ட் தலைவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் தயாரித்த அறிக்கை 1971இல் வெளிவந்தது. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வாண்டிலேயே பிறந்தது. அதன் முதல் தலைவரும் அவரே. சந்தையிலிருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம், வணிகப் பெயரால் அன்றி இரசாயனப் பெயரால், மொத்தமாக மருந்து வாங்கப்பட்டது.

பன்னாட்டுக் கம்பனிகள் வாளாவிருக்கவில்லை. வைத்தியர்களிலும் சிலர் எதிர்த்தனர். மலிவான மருந்து தரமற்றது என்பது அவர்களது வாதம். அதை நாம் முற்றாகத் தள்ளிவிடலாகாது: வயிற்றிற் கரையாத மாத்திரையில் எந்த மூலக்கூறு இருந்தென்ன? ஆனால் அதற்குப் பரிகாரம் அரசின் பரிசோதனைக்கூடமேயன்றி, கம்பனியின் முத்திரையன்று.

1976இல் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு இவ்வழியை ஏற்றது. மறுவருடம் செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் பணியில் கயானா சென்றிருந்தபோது பிபிலே காலமானார். அவ்வாண்டே ஆட்சிக்கு வந்த புதிய அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. அவர் கொள்கையைத் தழுவிய சட்டம் நிறைவேற 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2022இன் தட்டுப்பாட்டுக்கு மூலகாரணம் அந்நியச் செலாவணி வறண்டமையே. வணிகப் பெயர்கள்மீது பழி முழுவதையும் சுமத்துவது நேர்மையாகாது. ஆயினும், கையிலுள்ள சொற்பப் பணத்தால் எதை முதலில் வாங்குவது என்ற கேள்வியை ஐம்பதாண்டுகளுக்கு முன்பே பிபிலே எழுப்பியிருந்தார்.

சென்ற மாதம் அக்குறணைப் பாமசியொன்றில், முதியவர் ஒருவர் மலிவான பெட்டியைத் திருப்பித் தள்ளி, "மகன், டொக்டர் எழுதின பேர் இது இல்லையே" என்றார். "மருந்து அதேதான், ஹாஜியார்" என்றான் கடைப் பையன். அவர் மும்மடங்கு விலை கொடுத்து மற்றதையே வாங்கிச் சென்றார்.